இருளப்பண்ணன் உட்கார்ந்த பிறகு

இருளப்பண்ணனின் சிலை உட்கார்ந்துவிட்டது என்று சேர்மக்கனி தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடிவந்த காலையில், நான் பீடி இலையை நனைத்துக்கொண்டிருந்தேன், அண்ணனின் பெண்சாதி வெயிலுகந்தா மைனி உலை வைத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் இரண்டு பேருமே கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. "எம்புட்டு நேரந்தான் நிப்பாக?" என்று மட்டும் மைனி சொன்னாள். சொல்லிவிட்டு அரிசியைக் களைந்து போட்டாள்.

சிலை எப்படியம்மா உட்காரும் என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சிமெண்டும் கம்பியும் போட்டுச் செய்தது, முழங்கால் மடங்குமா, வேட்டி சுருங்குமா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். மடங்கியிருந்தது, சுருங்கியிருந்தது, என் கண்ணால் பார்த்தேன், வேறென்ன சொல்ல? வானத்தைக் குத்திக்கொண்டிருந்த ஆள்காட்டி விரலை மடக்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு, காற்று வாங்க வந்தவர் மாதிரி பீடத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஆச்சரியம் எல்லாம் அவர் அதுவரை நின்றதில்தான்.

ஏனென்றால் என் பெரியப்பா மகன் இருளப்பண்ணன் உயிரோடிருந்த காலத்தில் நின்றுகொண்டு எதையும் கேட்டவரில்லை. எங்கள் வாகைநல்லூரில் தேரடித் தெரு என்று ஒன்று உண்டு. கோயிலில் தொடங்கி, வடக்குத் தெருக்காரர்களின் வீடுகளுக்கு நடுவே போய், சுடுகாட்டுப் பாதையில் முடிகிற தெரு. அந்தக் காலத்தில் எங்கள் தெற்குத் தெருக்காரன் அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும், முக்கு டீக்கடையில் தகரக் குவளையில்தான் குடிக்கவேண்டும், குடித்த குவளையைக் கழுவியும் வைக்கவேண்டும். அண்ணன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒருநாள் தேரடித் தெருவில் சைக்கிளில் போனவரை இறங்குடா என்றார்கள், இறங்கினார். உருட்டுடா என்றார்கள். அவர் ஸ்டாண்டு போட்டு சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டினார்கள், உட்கார்ந்திருந்தார், மிதித்தார்கள், விழுந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தார், மறுநாள் அவர் கூட நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள், அதற்கு மறுநாள் பெண்களும் உட்கார்ந்தோம், வெயிலுகந்தா மைனி உட்கார்ந்த இடத்திலேயே கீரை ஆய்ந்தாள். தெருவில் வண்டிமாடு போக வழியில்லாமல் போய், கடைசியில் போய்த் தொலைங்கடா என்று சைக்கிளை விட்டார்கள். செருப்பும் அப்படித்தான் வந்தது. கண்ணாடி டம்ளரும் அப்படித்தான் வந்தது.

"ஏன் அண்ணாச்சி, திருப்பி ஒரு அடி அடிச்சா என்ன?" என்று பையன்கள் அவரைக் கேட்பார்கள்.

"நிக்கவனை அடிக்கது லேசுடே. உக்காந்தவனை அடிக்கணும்னா குனியணும்லா? குனிஞ்சா மூஞ்சிக்குக் கிட்ட மூஞ்சி வந்துரும். மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தனை அடி அடிப்பான்?" என்பார்.

குனிந்தும் அடித்தவர்கள் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போனது அப்படித்தான்.

எல்லாம் கிடைத்து, கிடைக்காமல் நின்றது ஒன்றே ஒன்று. எங்கள் தெருப் பிணம் தேரடித் தெரு வழியாகப் போகக்கூடாது. வயலுக்குள் இறங்கி, வாய்க்கால் வரப்பிலே வழுக்கி வழுக்கித்தான் எங்கள் ஆட்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவோம். "நான் அந்தத் தெரு வழியாத்தான் போவேன், தூக்குதவனுக்குத் தோள் வலிச்சா என்னைய நடுத்தெருவுல வெச்சிட்டு நீங்களும் உக்காந்துக்கிடுங்க" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் போனது ஐப்பசி அடைமழையில். தேரடித் தெரு முக்கில் வடக்குத் தெருப் பெரியவர் ஆவுடையப்பன் குடை பிடித்துக்கொண்டு நின்றார், அவர் பின்னால் ஆட்கள் நின்றார்கள், ஆட்கள் கையில் அரிவாள் இருந்தது. எங்கள் பையன்களும் வெறுங்கையோடு வரவில்லை. அதிகாரி ஒருவர் மைனியிடம் வந்து, இந்த ஒரு தடவை வயல் வழியாகப் போங்கம்மா, அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம் என்றார். மைனி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பையன்கள் முகத்தைப் பார்த்தாள், "அவுக போற வழியில ரத்தம் சிந்த வேண்டாம், சரி" என்றாள்.

அந்த ஒரு 'சரி' அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அது ஏன் என்று விளங்க எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து கிளம்புகிற பாடையைப் பாதி வழியில் ஓரிடத்தில் இறக்குவோம். இறக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி, அதன்பிறகுதான் மறுபடி தூக்குவோம். திருப்பினால்தான் செத்தவருக்கு வீட்டு வழி மறந்துபோகும். திருப்பாவிட்டால் வந்த வழியே திரும்பி வந்துவிடுவார். வடக்குத் தெருக்காரர்களுக்குத் தேரடித் தெரு முடிகிற இடத்தில் அதற்கென்றே அகலமான கல் ஒன்று கிடக்கிறது. எங்களுக்கு வாய்க்கால் கரையில் ஒரு மேடு. அன்றைக்கு அந்த மேடு தண்ணீருக்குள் கிடந்தது, வயலெல்லாம் தொடை ஆழச் சேறு, பாடையை இறக்க உள்ளங்கை அகலத்துக்குக்கூடத் தரையில்லை. இறக்காமல், திருப்பாமல், தோளிலிருந்து தோளுக்கு மாற்றி மாற்றி நேராகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். ஊருக்கெல்லாம் உட்கார இடம் வாங்கிக் கொடுத்த மனுசனுக்கு ஒரு நிமிசம் இறங்கியிருக்க இடம் கிடைக்கவில்லையே என்று மைனி அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சிலை வைத்தது சேர்மக்கனியும் அவன் கூட்டாளிகளும். ரோசக்காரப் பையன், அண்ணன்மேல் உசிரையே வைத்திருந்தவன், ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து என்னத்தைக் கண்டோம் என்று கேட்கிறவன். நன்கொடை பிரித்துக்கொண்டு மதுரை ரோட்டில் சிலை செய்கிற கொட்டகைக்குப் போனார்கள். அங்கே தலைவர் சிலைக்கென்று ஒரே ஒரு அச்சுத்தான் வைத்திருந்தார்கள்: நின்றபடி, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு விரலை உயர்த்தி. முகத்தை மட்டும் போட்டோ பார்த்து மாற்றிக் கொடுப்பார்களாம். நாட்டிலே எல்லாத் தலைவரும் விரலை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள், நம்ம தலைவர் மட்டும் கொறைச்சலா என்று இவர்களும் சரி என்றுவிட்டார்கள். துணியை விலக்கியபோது மைனி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது யாருட்டி கோமு? பாத்த மொகமா இருக்கு" என்று என் காதில் கேட்டாள். அன்றைக்கே சிலைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சுற்றிலும் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். உட்காரத் தெரிந்த மனுசனை நிற்கவைத்து, கூண்டிலும் அடைத்தால் எத்தனை காலம் பொறுப்பார்?

அதனால்தான் உட்கார்ந்தார் என்பது எங்கள் தெருப் பேச்சு. சேர்மக்கனிதான் குதித்தான். எங்க தலைவரை உக்கார வெச்சது எவன்டா என்று வடக்குத் தெருவைப் பார்த்துக் கத்தினான். அவர்கள் பக்கத்திலும் இது தெற்குத் தெருக்காரன் ஏதோ செய்கிற வேலை என்று கத்தினார்கள். கொட்டகைக்காரரை வரவழைத்தார்கள். அவர் கூண்டுக்குள் போய் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், முதுகைத் தடவிப் பார்த்தார், ஒட்டுப்போட்ட இடமே இல்லை என்றார், பிறகு தயங்கித் தயங்கி, "இந்த மாடல் நல்லாத்தான் இருக்கு, ஒரு அச்சு எடுத்துக்கிடவா?" என்று கேட்டார்.

அதோடு நின்றிருந்தால் ஊர் மறந்திருக்கும். ஆனால் அண்ணன் நகர ஆரம்பித்தார். பூட்டின கூண்டு பூட்டினபடி இருக்கும், அண்ணன் அதற்கு வெளியே தெற்குத் தெரு முக்கில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் விடிந்து பார்த்தால் ரேசன் கடைப் பக்கம். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் வடக்கே. யாரும் பார்க்கும்போது அசையமாட்டார், யாரும் பார்க்காதபோது எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போவார், அவ்வளவுதான். காவலுக்கு நயினார் ஏட்டு என்பவரைப் போட்டார்கள். பாவம், அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தினமும் அண்ணன் பின்னாலேயே அலைந்தார். நாற்காலியில் உயரமாக உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கிறவரைக் காவல் காப்பது மரியாதையாகப் படவில்லை என்று ஒருநாள் அவரும் தரையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்தார். பஸ் டிரைவர்கள் ஒடித்துத் திருப்பிப் பழகிக்கொண்டார்கள். "உக்காந்த சிலையெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் சிலை அன்றைக்கு எங்கே இருக்கிறதோ அதுதான் நிறுத்தம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அவர் மடியில் புத்தகப் பையை வைத்துவிட்டு விளையாடின. மாலை போட வந்த கட்சிக்காரர்களுக்குத்தான் சங்கடம், நின்றுகொண்டு போட்டால் போட்டோவில் அவர் தலை இவர்கள் இடுப்புக்குக் கீழே வருகிறது, ஆகையால் வெள்ளை வேட்டியோடு அவர்களும் புழுதியில் சம்மணம் போட்டார்கள். சிலையை எடுத்தே தீரவேண்டும், எடுக்கவே கூடாது என்று இரண்டு பக்கமும் கூட்டிவைத்த அமைதிக் கூட்டம்கூட அவரைச் சுற்றித்தான் நடந்தது. நின்று பேசினால் கை ஓங்க வாகாக இருக்கும், உட்கார்ந்து பேசினதால் வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

எல்லாரையும்விட மாறியது எங்கள் மைனிதான். அண்ணன் போனதிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் தின்றுகொண்டிருந்தவள், காலையில் குளித்து, தலையை வாரி, கண்ணாடி டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு அவர் இருக்கிற இடத்தைத் தேடிப் போவாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து, யார் யாருக்குக் கல்யாணம், எந்த வீட்டில் ஆடு குட்டி போட்டது, எல்லாம் சொல்வாள். "எட்டி, மண்ணோ மரமோ, எம் புருசன் பக்கத்துல இருக்காகல்லா" என்பாள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

தேரடித் தெருவுக்குள் அண்ணன் நுழைந்த அன்றைக்கு வடக்குத் தெரு விழித்துக்கொண்டது. ஆவுடையப்பன் அப்போது படுத்த படுக்கை, ஆனாலும் கட்டிலில் இருந்தபடியே "அப்புறப்படுத்துங்கலே" என்றார். கிரேன் கொண்டுவந்தார்கள். சங்கிலியைப் போட்டுத் தூக்கி, லாரியில் ஏற்றி, கொண்டுபோய்ப் பழைய கூண்டுக்குள் இறக்கினார்கள். அண்ணன் ஒன்றும் எதிர்ப்புக் காட்டவில்லை, அவர் என்றைக்குக் காட்டினார்? மறுநாள் விடிந்தபோது விட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே உட்கார்ந்திருந்தார். மறுபடி தூக்கினார்கள், மறுபடி வந்தார். ஆவுடையப்பனின் மகன் கோலப்பன்தான் டீசலுக்குக் கேடு என்று நிறுத்தச் சொன்னவன். அதன்பிறகு வாசல் தெளிக்கிற வடக்குத் தெருப் பெண்கள் அவர்மேல் சாணித் தண்ணீர் படாமல் தள்ளித் தெளித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள்.

அப்படித் தெரு முழுக்க ஊர்ந்து போய், ஒருநாள் காலையில் அண்ணன் அந்தக் கல்லின்மேல், வடக்குத் தெருப் பாடைகளை இறக்கித் திருப்புகிற அந்தக் கல்லின்மேல், நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் நகரவில்லை. மறுநாளும் அங்கேயே. அதற்கு அடுத்த வாரமும் அங்கேயே.

டீயோடு போன மைனி அவரைக் கல்லின்மேல் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "எட்டி கோமு, அவுகள நாம எறக்கவே இல்லல்லா" என்றாள். "எறங்க எடம் தேடி வந்திருக்காகட்டி."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருப் பெரிய ஆட்களும் அதையே சொன்னார்கள்: முறையாக வீட்டிலிருந்து எடுத்து, தெரு வழியாகக் கொண்டுபோய், கல்லில் இறக்கி ஒரு திருப்புத் திருப்பிவிட்டால் போதும், இருளப்பன் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிடுவான். மைனி "போகட்டும், அதுதான நியாயம்" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் சுற்றின பீடியெல்லாம் பிரிந்து பிரிந்து போயிற்று. திருப்பினால் அண்ணனுக்கு வழி மறந்துபோகும், காலை டீக்கு ஆளிருக்காது. திருப்பாவிட்டால் அவருக்கு இறக்கமே இல்லை. இதில் எதை வேண்டும் என்று சொல்வாள்? ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள் என்பது காலையில் அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆவுடையப்பன் செத்தார்.

பாடை கட்டி, சங்கு ஊதி, எல்லாம் ஆன பிறகுதான் வடக்குத் தெருவுக்குக் கல் ஞாபகம் வந்தது. கல்லின்மேல் ஆள் இருக்கிறார். இந்தத் தடவை கிரேன் போட்டு இழுத்தும் அசையமாட்டேன் என்கிறார். கல்லில் இறக்காமல் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் திருப்ப முடியாதே, பெரியவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாரே என்று இன்னொருவர் சொல்ல, அதைக் கேட்ட ஆவுடையப்பனின் மருமகள் ஒப்பாரியை அப்படியே நிறுத்திவிட்டாளாம். "அவுக திரும்பி வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாளாம். அவரைத் தெரிந்த யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் கோலப்பன் எங்கள் தெருவுக்குள் வந்தான். அவன் பிறந்ததிலிருந்து மிதிக்காத தெரு. மைனி வாசலில் உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நான். வந்தவனுக்கு அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவன் அப்பா "ஏ வெயிலா" என்றுதான் கூப்பிடுவார்.

"உக்காரு" என்றாள் மைனி.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நாற்காலி இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"அம்மா" என்றான். "அப்பா செத்துப்போனாக."

"கேள்விப்பட்டேன். எழவு வீட்டுல இருந்து வந்திருக்க, தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அண்ணாந்து ஊற்றவில்லை, வாய் வைத்தே குடித்தான்.

"அந்தக் கல்லு வேணும்மா. அவரை நீங்க சொன்னாத்தான் எந்திரிப்பாரு."

"அவுக அங்க சும்மா போய் உக்காரலப்பா. அந்த அடைமழையில எறங்க எடமில்லாம போனவுக. ஒங்க அப்பாதான் முக்குல கொடை பிடிச்சிட்டு நின்னாரு."

"நானும் நின்னேன்" என்றான் கோலப்பன், தலையைக் குனிந்துகொண்டு.

மைனி கருவாட்டுச் சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "நான் பதிலுக்குப் பதில் கேக்கல. ஒங்க அப்பாவை வயல் வழியாக் கொண்டுபோன்னும் சொல்ல மாட்டேன், அது எந்தப் பொணத்துக்கும் ஆகாது. இவுகளை இங்க கொண்டு வாங்க. எங்க வீட்டுல இருந்து எடுப்போம். தேரடித் தெரு வழியாப் போவோம். அந்தக் கல்லுல எறக்குவோம். அதுக்குப் பெறகு ஒங்க அப்பாவுக்குக் கல்லு. முன்னால வந்தவுக முன்னால."

"எங்க ஆளுக ஒத்துக்கிடணுமே."

"ஒத்துக்கிடலன்னா நானும் வந்து அவுக பக்கத்துல உக்காந்துக்கிடுதேன். எனக்கென்ன அவசரம்? வெயிலு ஏறுது, ஒங்க அப்பாவுக்குத்தான் அவசரம்."

கோலப்பன் எழுந்து போனான். என்ன பேசினானோ, யார் யார் காலில் விழுந்தானோ, சாயங்காலம் வெயில் தணிகிற நேரத்தில் அதே லாரியில் அண்ணனை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். மைனி அவருக்கு நல்லெண்ணெய் வைத்து, தண்ணீர் ஊற்றி, கோடித் துணி போர்த்தினாள். எங்கள் பெண்கள் மாரடித்தார்கள். மழை நாளில் அழ முடியாமல் போன அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதோம். பாடையைத் தூக்க வந்த சேர்மக்கனி, கிரேன் தூக்கின பாரத்தை நாலு பேர் எப்படித் தூக்குவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தான். தூக்கினால், அண்ணன் செத்த அன்றைக்கு என்ன கனமோ அதே கனம்தான், ஒரு படி கூடவும் இல்லை குறையவும் இல்லை. பையன் அங்கேயே தேம்பிவிட்டான். நயினார் ஏட்டு தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

பெண்கள் தெரு முக்கோடு நின்றுவிடுவது வழக்கம். மைனி நிற்கவில்லை. அவள் நடந்தாள், அவள் பின்னால் நான் நடந்தேன், எங்கள் பின்னால் தெருவே நடந்தது. தேரடித் தெருவில் பறை அதிர்ந்தது. வடக்குத் தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன, பொய் சொல்வானேன். மீதிக் கதவுகளில் ஆட்கள் நின்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பாடை போகிற வழிக்கு ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். அவள்தான் ஆவுடையப்பனின் மருமகள். ஆவுடையப்பன் அவர் வீட்டு வாசலில் பாடையில் படுத்துக் காத்திருந்தார். அவரைத் தாண்டித்தான் அண்ணன் போனார்.

கல்லின்மேல் இறக்கினோம். சிமெண்டு கல்லில் படுகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு பறை நின்றது. மைனி ஒரு பெரிய மூச்சு விட்டாள். அந்த ஐப்பசியில் இழுத்த மூச்சை இப்போதுதான் விட்டாள்.

"சரி, திருப்புங்கப்பா" என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். நாலு பேரும் குனிந்து பாடையில் கை வைத்தார்கள்.

மைனி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தாள், சாத்தின கதவுகளைப் பார்த்தாள், வாசலில் உலர்ந்துகொண்டிருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தாள்.

"திருப்பாதீக" என்றாள்.

"என்ன மைனி?" என்றேன் நான்.

"திருப்பலன்னா வழி மறக்காதும்மா. திரும்பி வந்துருவாரு" என்றார் பெரியவர்.

"வரட்டும். எறங்கணும்னு வந்தாக, எறக்கியாச்சு. வழியை ஏன் மறக்கணும்? அவுக ஒருத்தராவது இந்த வழியெல்லாம் மறக்காம இருக்கட்டும். இன்னும் எத்தனை தெரு கெடக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நான் சரின்னு சொன்னேன்ட்டி. இன்னைக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அண்ணனைத் திருப்பாமல், கல்லுக்குப் பக்கத்தில் புல்தரையில் இறக்கி உட்காரவைத்தோம். அதற்குப் பிறகு ஆவுடையப்பனைக் கொண்டுவந்து கல்லில் இறக்கித் திருப்பினார்கள். சந்தேகத்துக்கு ஒரு முழுச் சுற்றும் சேர்த்துச் சுற்றினார்கள் என்று கேள்வி.

மறுநாள் காலை மைனி டீயோடு போனாள். புல் நசுங்கியிருந்தது, ஆளைக் காணோம். கூண்டில் பார்த்தோம், ரேசன் கடையில் பார்த்தோம், வீட்டு வாசலில்கூடப் பார்த்தோம். இல்லை. வழி மறக்கவில்லை என்றால் வீட்டுக்குத்தான் வருவார் என்று நம்பியிருந்தவள், ஆறின டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவருக்கு இறக்கமும் கிடைத்து அவள் பக்கத்திலும் இருப்பார் என்று எண்ணித்தானே அந்த வார்த்தையைச் சொன்னாள், இப்போது இரண்டில் ஒன்று கைவிட்டுப் போயிற்றே என்று நினைத்தேன். அப்போதுதான் காலை பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "யக்கா, ஒங்க ஆளு கீழப்பாறையில இருக்காரு! அங்க கொளத்துல நம்ம சனங்களைக் குடம் முக்க விட மாட்டாங்கல்லா, அந்தப் படித்தொறையில உக்காந்திருக்காரு!"

மைனி ஆறின டீயை வாசல் முருங்கைக்கு ஊற்றினாள். உள்ளே போய்ப் புதிதாகப் போட்டாள், பிளாஸ்கில் ஊற்றினாள், கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றினாள். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கூடவே இடுப்பில் ஒரு காலிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். "எட்டி கோமு, கதவைச் சாத்தாத, அவுக எப்பம் வேணாலும் வருவாக" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது, நான்தான் கூட்டித் தெளிக்கிறேன். கீழப்பாறைக்குப் பிறகு எந்த ஊர், அதற்குப் பிறகு எந்த ஊர் என்று எனக்கு இப்போது கணக்கில்லை. உங்கள் ஊரில் ஏதாவது ஒரு தெரு முக்கில், ஒரு படித்துறையில், ஒரு கடை வாசலில், காலையில் பார்க்கும்போது யாராவது ஒருத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பின்னாலேயே ஒருத்தி டீ கொண்டுவருவாள், அவள் கேட்டால், கோமு நல்லாயிருக்கா, வீடு திறந்துதான் இருக்கு என்று சொல்லுங்கள்.